மேதைகள் திணறிய இடங்கள்: கணித ஆசிரியராகப் போகிறவருக்கு வரலாறு எதற்கு?

பி.எட். படிப்பில் கணிதம் எடுத்தவர்களுக்கு நன்கு பழக்கமான வினா ஒன்று உண்டு: ‘கணித வளர்ச்சிக்கு இரண்டாம் பாஸ்கரரின் பங்களிப்பை விவரிக்க.’ பிறந்த ஆண்டு, எழுதிய நூல்கள், ஐந்தாறு சாதனைகள், கடைசியில் கணித உலகம் அவரை என்றும் மறவாது என்று ஒரு வரி. எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். தேர்வு முடிந்த கையோடு மறந்தும் போய்விடும். பிற்பாடு ஆசிரியராக வகுப்பில் நிற்கும்போது அந்தப் பக்கங்களில் ஒரு வரியாவது கைகொடுத்தது என்று சொல்பவரைப் பார்ப்பது அரிது.

இதற்கு வரலாற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறப்பு, நூல், சாதனை என்று வரிசை கட்டினால் எந்த வரலாறும் இப்படித்தான் உலர்ந்துபோகும். ஆசிரியராகப் போகிறவருக்குத் தேவைப்படுவது வேறு. இன்றைய பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஒரு செய்தியில் பழைய கணிதவியலாளர்கள் எங்கே திணறினார்கள், எதை ஏற்க மறுத்தார்கள், பிறகு எதனால் மனம் மாறினார்கள் என்பதுதான் அது. இவை தெரிந்த ஆசிரியரிடம் ஒரு மாணவர் ‘ஏன் சார் அப்படி?’ என்று கேட்டால், அது எத்தனை நூற்றாண்டுப் பழைய கேள்வி என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

குறை எண்களையே எடுத்துக்கொள்வோம். இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கடனைக் கடனால் பெருக்கினால்?

ஏழாம் வகுப்பில் முழுக்களின் பெருக்கல் வருகிறது. மிகை எண்ணை மிகை எண்ணால் பெருக்கினால் மிகை. மிகையைக் குறையால் பெருக்கினால் குறை. குறையைக் குறையால் பெருக்கினால் மிகை. முதல் இரண்டையும் வகுப்பு முனகாமல் ஏற்றுக்கொள்ளும். மூன்றாவதைக் கரும்பலகையில் எழுதியதும் யாராவது ஒருவர் கை தூக்குவார். ‘கடனும் கடனும் சேர்ந்தால் பெரிய கடன்தானே சார்?’ அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: ‘அது விதி, மனப்பாடம் பண்ணிக்கொள்.’

கடன் என்ற உவமை நம் ஆசிரியர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் ‘பிராம்மஸ்புட சித்தாந்தம்’ நூலில் மிகை எண்களைச் செல்வம் என்றும் குறை எண்களைக் கடன் என்றும் வைத்துத்தான் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் விதிகளைச் சொன்னார். இரு கடன்களின் பெருக்கற்பலன் செல்வம் என்பது அவருடைய விதிகளில் ஒன்று. விதியைச் சொன்னாரே தவிர, காரணம் சொல்லவில்லை. அதே பகுதியில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் எழுதியிருக்கிறார். அது இன்று நாம் ஏற்காத ஒன்று. பாடநூல் இதைச் சொல்வதில்லை. நான் முதலில் சொல்வேன். பூஜ்யத்துக்கு முதன்முதலில் கணக்கு விதி வகுத்தவர்களுள் ஒருவரே அங்கே சறுக்கினார் என்றால், பத்தாம் வகுப்பு மாணவர் சறுக்குவதில் வியப்பென்ன?

கூட்டல், கழித்தல் வரைக்கும் கடன் உவமை அழகாக ஓடும். 500 ரூபாய் வைத்திருப்பவருக்கு 800 ரூபாய் கடன் என்றால் அவர் நிலை −300. இதைச் சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். பெருக்கலில் அந்த உவமை உடைகிறது. உடைவதை மிகக் கூர்மையாகச் சுட்டியவர் ஒரு கணிதவியலாளரே அல்ல, பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால். 1783இல் கிரெனோபிள் நகரில் பிறந்த அவர் இளமையில் கணிதத்தை உயிராக நேசித்தவர். குறையைக் குறையால் பெருக்கினால் ஏன் மிகை வருகிறது என்று ஆசிரியர்களைத் துளைத்தெடுத்ததையும், ஒருவராலும் விளக்க முடியாமல் போனதையும் 1830களில் எழுதிய தன்வரலாற்றில் மனக்கசப்போடு பதிவு செய்திருக்கிறார். அவருடைய கேள்வி இதுதான்: ஒருவருக்கு 10,000 பிராங்க் கடன். அதை 500 பிராங்க் கடனால் பெருக்கினால் அவர் கையில் 50 லட்சம் பிராங்க் சொத்து எப்படி வரும்?

நம் ஏழாம் வகுப்பு மாணவர் கேட்டதும் இதே கேள்விதான். கேள்வி முட்டாள்தனமானது அல்ல. உவமைதான் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பணத்தைப் பணத்தால் பெருக்குவதற்குப் பொருளே கிடையாது. இந்தக் கதை தெரிந்த ஆசிரியர் கடன் உவமையைக் கூட்டலோடு நிறுத்திக்கொள்வார், அல்லது எங்கே அது செல்லாது என்பதை வகுப்பிலேயே சொல்லிவிடுவார்.

ஐரோப்பாவின் பெரிய தலைகளும் இதே இடத்தில் நின்றன. 17ஆம் நூற்றாண்டில் அர்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் விகிதத்தை வைத்து மறித்தார். −1க்கு 1 எப்படியோ, அப்படியே 1க்கு −1 என்கிறீர்கள். சிறியது பெரியதற்கு இருப்பதுபோலப் பெரியது எப்படிச் சிறியதற்கு இருக்கும் என்றார். கணிதப் பேராசிரியர் ஜான் வாலிஸ் 1656இல் இன்னொரு கோணத்தில் குழம்பினார். 1ஐ 3ஆல், 2ஆல், 1ஆல் வகுத்துக்கொண்டே வந்தால் ஈவு கூடிக்கொண்டே போகிறது. பூஜ்யத்தால் வகுக்கும்போது முடிவிலி. அப்படியானால் பூஜ்யத்துக்கும் கீழே போய் −1ஆல் வகுத்தால்? முடிவிலியையும் தாண்டிய எண் வர வேண்டும் என்றார்! தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பதினொன்றாம் வகுப்பு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை முழுவதும் ஓடிவிடும்.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேரஸ் என்ற வழக்கறிஞர் 1758இல் குறைக்குறியின் பயன்பாட்டைப் பற்றியே தனி நூல் எழுதி, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பதற்கு மேல் அந்தக் குறிக்கு வேலை கிடையாது என்று வாதாடினார். 1796இல் வில்லியம் ஃபிரெண்ட் குறை எண்களை அறவே ஒதுக்கிவிட்டு ஓர் இயற்கணித நூலையே எழுதினார். இவர்கள் படிக்காதவர்கள் அல்ல. நியூட்டனும் லைப்னிட்சும் போய்ச் சேர்ந்து பல பத்தாண்டுகள் கழித்தும் இந்தச் சண்டை ஓயவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பிரம்மகுப்தரின் விதியிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 1,200 ஆண்டுகள்.

சண்டை எப்படி முடிந்தது? யாரும் புதிதாக ஓர் அருமையான உவமையைக் கண்டுபிடித்து முடிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பீக்காக், பிறகு 1867இல் ஹாங்கல் போன்ற கணிதவியலாளர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். குறை எண் உலகில் எங்கே இருக்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, முன்பு தெரிந்த எண்களுக்கு உண்மையாக இருந்த விதிகள் புதிய எண்களுக்கும் நீடிக்க வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். 4ஐயும் −4ஐயும் கூட்டினால் 0. இரண்டையும் −3ஆல் பெருக்கினாலும் மொத்தம் 0 ஆகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி −12. மறுபகுதி +12 ஆக இல்லாவிட்டால், கூட்டிப் பெருக்கினாலும் தனித்தனியே பெருக்கிக் கூட்டினாலும் ஒன்றே என்னும் பங்கீட்டு விதி செத்துப்போகும். ஆகவே −3ஐ −4ஆல் பெருக்கினால் 12. மூன்று வரிதான், ஏழாம் வகுப்புக்குப் பங்கீட்டு விதி முன்பே தெரியும். மனிதகுலம் இத்தனை காலம் தேடிய விடை பாடநூலின் முந்தைய பாடத்திலேயே இருக்கிறது.

இன்றைய மாணவருக்கு மசேரஸுக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு. நீட் தேர்வில் தவறான விடைக்கு −1. அப்படித் தவறு என்று திருத்தப்பட்ட மூன்று வினாக்களை ஏதோ காரணத்தால் தேர்விலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை −1ஐ எடுத்துவிட்டால் மதிப்பெண் மூன்று கூடுகிறது. கடன் உவமை விழுந்த இடத்தில் இது நிற்கிறது. காரணம், இங்கே ஒரு எண் மதிப்பெண், மற்றொன்று எத்தனை முறை என்ற எண்ணிக்கை. ஸ்டெந்தாலின் கேள்வியைப் படித்தவருக்குத்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும்.

ஆறு சமன்பாடுகள் ஒன்றானது

குறை எண்ணை ஏற்றுக்கொண்டதால் கிடைத்த லாபம் என்ன என்று கேட்டால் இருபடிச் சமன்பாட்டைக் காட்டலாம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி இருபடிச் சமன்பாடுகளையும் அவற்றோடு சேர்ந்தவற்றையும் ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி சொன்னார். அவருக்குக் குறை எண் கிடையாது. ஆகவே ‘வர்க்கமும் மூலங்களும் சேர்ந்து ஓர் எண்’ ஒரு வகை. ‘வர்க்கமும் எண்ணும் சேர்ந்து மூலங்கள்’ வேறு வகை. இன்று பத்தாம் வகுப்பில் எல்லாம் ஒரே பொது வடிவத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு: ஒரு வர்க்கமும் அதன் மூலத்தைப் போல் பத்து மடங்கும் சேர்ந்து 39. இதைச் சூத்திரமாகச் சொல்லாமல் படமாகவே வரைந்து காட்டினார். பக்கம் தெரியாத ஒரு சதுரம். பத்து மடங்கை நான்காகப் பிரித்து, சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் இரண்டரை அகலமுள்ள பட்டையாக ஒட்டுங்கள். இதுவரை பரப்பு 39. நான்கு மூலைகளில் மட்டும் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் இரண்டரைக்கு இரண்டரை, அதாவது ஆறேகால். நான்கும் சேர்ந்து 25. அவற்றை நிரப்பினால் பெரிய சதுரத்தின் பரப்பு 64, பக்கம் 8. இரு புறமும் இரண்டரை இரண்டரையாகக் கழித்தால் 3.

நம் பாடநூலில் வர்க்கப் பூர்த்தி முறை என்று வருவது இதுதான். நிரப்பப்படும் வர்க்கம் கண்ணால் பார்க்கக்கூடிய, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டக்கூடிய ஒரு சதுரம் என்பது தெரியாமலேயே பலர் அந்த முறையில் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ‘xஇன் கெழுவில் பாதியை வர்க்கப்படுத்தி இருபுறமும் கூட்டுக’ என்ற வரி மந்திரம் போல நிற்கிறது. படத்தைப் போட்டால் ஏன் பாதி, ஏன் வர்க்கம் என்ற இரண்டுக்கும் விடை வந்துவிடும். படத்தில் வராத ஒன்றும் உண்டு: மற்றொரு தீர்வான −13. சதுரத்தின் பக்கம் −13 ஆக இருக்க முடியாது. அல்-குவாரிஸ்மி அதைத் தேடவும் இல்லை. படம் எதுவரை, சூத்திரம் எங்கிருந்து என்று வகுப்பில் பேசுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

இந்தியாவில் குறை எண் கெழுக்களுக்கு விதி இருந்ததால் இப்படி வகை பிரிக்கும் தொல்லை இல்லை. அதனால் நம்மவர்கள் தயங்கவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பாஸ்கரரின் ‘பீஜகணித’த்தில் குரங்குக் கணக்கு ஒன்று வருகிறது. ஒரு குரங்குக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது, மொத்தம் எத்தனை? விடை 50 அல்லது 5. ஐம்பதைச் சரிபார்க்கலாம்: ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போக 7, வர்க்கம் 49, வெளியே ஒன்று. ஐந்தையும் சரிபாருங்கள்: ஐந்தில் ஒரு பங்கு 1, மூன்று போனால் −2, வர்க்கம் 4, வெளியே ஒன்று. கணக்குப்படி இரண்டும் சரி. ஆனால் பாஸ்கரர் ஐந்தை ஒதுக்கச் சொல்கிறார். −2 குரங்குகள் என்பதை உலகம் ஒப்புக்கொள்ளாது என்பது அவர் சொல்லும் காரணம்.

பாஸ்கரரின் பங்களிப்பைப் பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதுபவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்? விதி தெரிந்தவர், விடையும் கண்டவர், ஆனாலும் பொருளைப் பார்த்துத் தயங்கியவர் என்ற இந்தப் பாஸ்கரர்தான் ஆசிரியருக்கு வேண்டியவர். ‘வகையீட்டு நுண்கணிதத்துக்கு முன்னோடி’ என்ற பட்டம் தாங்கியவரை விட இவரிடம் படிக்க நிறைய இருக்கிறது.

கதைகளிடம் கொஞ்சம் எச்சரிக்கை

இதிலிருந்து சிலர் ஒரு தவறான முடிவுக்குப் போவதுண்டு: மனித இனம் வந்த பாதையிலேயே குழந்தையும் வர வேண்டும் என்று. அப்படியானால் குறை எண்ணை ஏற்கக் குழந்தைக்கும் ஆயிரம் ஆண்டு தர வேண்டியதுதான். மசேரஸ் காலத்தில் எண்கோடு பள்ளிக்கூடத்துச் சரக்கு அல்ல. இன்றைய சிறுவன் ஐ.பி.எல். புள்ளிப் பட்டியலில் நெட் ரன் ரேட் −0.4 என்று பார்த்துத் தன் அணி தேறுமா என்று கணக்குப் போடுகிறான். வரலாறு எங்கே தடை வரலாம் என்று சொல்லும். எல்லோருக்கும் வந்தே தீரும் என்று சொல்லாது.

இன்னொரு சிக்கல், கட்டுக்கதை. சிறுவன் காஸ் 1 முதல் 100 வரை நொடியில் கூட்டிய கதையைச் சொல்லாத கணித வகுப்பு இருக்காது. காஸ் இறந்த மறு ஆண்டு, 1856இல், அவருடைய நண்பர் சார்டோரியஸ் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில்தான் இந்தக் கதை முதலில் வருகிறது. அதில் ஒரு தொடரைக் கூட்டச் சொன்னார்கள் என்று இருக்கிறதே தவிர 100 என்ற எண் இல்லை. முதலும் கடைசியும் சேர்த்து 101, அப்படி ஐம்பது ஜோடி என்ற முறையும் இல்லை. இவையெல்லாம் பின்னால் சொன்னவர்கள் சேர்த்தவை. வகுப்பில் கதையைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் சொல்கிறவருக்கு எது கதை, எது பதிவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் இது இராமானுஜனுக்கு நடக்கிறது. ஹார்டி தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்றதும், இரு கனங்களின் கூடுதலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் சொன்ன கதையை மந்திரவாதம் போலவே சொல்லிப் பழகிவிட்டோம். அவருடைய கடைசிக் காலக் கையெழுத்துத் தாள்களில், இரண்டு கனங்களின் கூடுதல் ஒரு கனத்துக்கு ஒன்று கூடுதலாகவோ ஒன்று குறைவாகவோ வரும் எண்களை முடிவில்லாமல் தரும் முறை இருக்கிறது. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தால் 12இன் கனத்தைவிட ஒன்று கூடுதல், அதுதான் 1729. 6இன் கனமும் 8இன் கனமும் சேர்ந்தால் 9இன் கனத்துக்கு ஒன்று குறைவு: 216ம் 512ம் சேர்ந்து 728. எட்டாம் வகுப்பு மாணவரே போட்டுப் பார்க்கலாம். டாக்சி எண்ணைக் கேட்டதும் விடை வானத்திலிருந்து விழவில்லை, அந்த வட்டாரத்தில் அவர் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவர் என்று மாணவர் தெரிந்துகொண்டால் இராமானுஜன் ஒன்றும் சிறுத்துவிட மாட்டார்.

‘பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவர் ஆரியபட்டர்’ என்ற வரியையும் கையோடு விட்டுவிடலாம். கி.பி. 499இல் அவர் எழுதிய நூல் எண்களை எழுத்துகளால் குறிக்கிறது. பூஜ்யத்துக்கான குறி அதில் இல்லை.

முந்திரியும் மூன்றில் ஒன்றும்

வரலாறு என்றால் பாக்தாத்துக்கும் பாரிஸுக்கும்தான் போக வேண்டும் என்பதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அதில் முழு எண் வாய்பாட்டோடு பின்ன வாய்பாடும் உண்டு: அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒரு கிளை, பாதி பாதியாகப் பதினாறில் ஒன்று வரை இறங்கும். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. முந்திரிக்கும் கீழே அதே ஏணியை மறுபடி இறக்கிக் கீழ்முந்திரி, 1,02,400இல் ஒன்று.

பெருமை பேசுவதற்கு இந்த அட்டவணையை எல்லோரும் பகிர்கிறார்கள். ஆசிரியராகப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி: ஏன் 320? ஐந்தை 64ஆல் பெருக்கினால் 320. ஆகவே பாதி, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் முழு முந்திரிகளாக வந்துவிடும். ஐந்தில் ஒன்றும் பத்தில் ஒன்றும் இருபதில் ஒன்றும் வந்துவிடும். மாகாணி 20 முந்திரி, மா 16 முந்திரி. மூன்றில் ஒன்று? 106 முந்திரியும் மிச்சமும். கீழ்முந்திரிக்குப் போனாலும் தீராது, எத்தனை முறை இறங்கினாலும் தீராது. 320க்குள் மூன்று என்ற காரணி இல்லை. தசம முறையில் மூன்றில் ஒன்று 0.333 என்று ஓயாமல் நீள்வதற்கும் இதுவே காரணம், பத்துக்குள்ளும் இரண்டும் ஐந்தும்தான் இருக்கின்றன. முந்திரியோ 0.003125 என்று ஒழுங்காக முடிந்துவிடுகிறது. மீ.பொ.ம., பகாக் காரணி, முடிவுறு தசமம் என்று பாடநூலில் மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பவை இந்த ஒரு கேள்வியில் கூடிவிடுகின்றன.

இதையெல்லாம் வகுப்பில் எப்போது சொல்வது, பாடத்தை முடிக்கவே நேரமில்லையே என்பது நியாயமான கவலை. ஜெர்மன் கணிதவியலாளர் ஓட்டோ டோப்ளிட்ஸ் 1926இல் ஆற்றிய உரையொன்றில் இதற்கு வழி சொன்னார். வரலாற்றுப் பாதையிலேயே மாணவரை நடத்திச் செல்வது ஒரு முறை. வரலாற்றிலிருந்து ஒரு கருத்து எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது என்று ஆசிரியர் தெரிந்துகொண்டு, பெயரோ ஆண்டோ சொல்லாமல், அந்தச் சிக்கலிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது மற்றொரு முறை. இரண்டாவதற்கு வகுப்பில் கூடுதலாக ஒரு நிமிடம்கூட வேண்டாம். உழைப்பு முழுவதும் ஆசிரியர் தலையில். பயிற்சிக் கல்லூரியில் இருக்கும் காலம்தான் அதற்கு வாய்ப்பு. கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் முன் எடுக்கப்போகும் பாடங்களில் ஒன்றையாவது பின்னோக்கித் தோண்டிப் பார்க்கலாம். பத்துக் கணிதவியலாளர்களின் படத்தைச் சார்ட்டில் ஒட்டுவதைவிட அதற்குச் செலவு குறைவு.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டுமானால் அகஸ்டஸ் டி மார்கனிடம் போகலாம். ஒன்பதாம் வகுப்புக் கணவியலில் வரும் அதே டி மார்கன்; 1806இல் மதுரையில் பிறந்தவர். குறை எண்களை ஒதுக்கிய ஃபிரெண்டின் மகளைப் பின்னாளில் மணந்தவர். கணிதம் படிப்பதில் உள்ள சிரமங்களைப் பற்றியே 1831இல் ஒரு நூல் எழுதினார். அதில் வரும் கணக்கு: தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. இன்னும் எத்தனை ஆண்டுகளில் தந்தையின் வயது மகன் வயதைப் போல் இருமடங்காகும்? சமன்பாடு போட்டால் விடை −2. இது அபத்தமான விடை, கேள்வியைத் தவறாகக் கேட்டுவிட்டோம் என்பதன் அடையாளம் என்கிறார் டி மார்கன். ‘எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு’ என்று மாற்றிக் கேட்டால் விடை 2 என்கிறார். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பில் கொடுத்தால் பாதிப் பேர் ‘விடை தப்பாக வந்துவிட்டது’ என்று அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். மீதிப் பேரில் யாராவது ஒருவர், இரண்டு ஆண்டுக்கு முன்னால் 54ம் 27ம், சரியாகத்தானே இருக்கிறது என்பார். அந்த இரு தரப்பையும் எதிரெதிரே பேசவிட்டுவிட்டு ஆசிரியர் சற்று நேரம் சும்மா இருக்கலாம்.